என் கோப்பில் என் தங்கை

பித்தப்பை இல்லாமல் வாழ முடியுமா என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியும். ஐந்து வாரமாக வாழ்ந்துகொண்டிருக்கிறேன். இட்லி இறங்குகிறது, தூக்கம் வருகிறது, வீட்டுக்காரரை அதட்டுவதற்கு வேண்டிய தெம்பும் திரும்பிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஆபரேஷன் எப்படி இருந்தது என்றுதான் கேட்கிறார்கள். ஆபரேஷன் நடந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன், அதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? சொல்ல வேண்டியது அதற்கு முன்னால் நடந்தது. அதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் என் பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நல்லதாக்கிக்கொண்டே போவதைக் கவனித்தேன். இன்னும் நாலு பேர் வந்தால் நான் தியாகியாகவே ஆகிவிடுவேன். அதனால் விடுப்பு முடிவதற்குள் நடந்தது நடந்தபடி எழுதி வைத்துவிடுகிறேன்.

நான் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். பெயர் ரெஜினா. இருபத்தோரு வருஷ சர்வீஸ். வீடு கரையான்சாவடியில். கணவர் அருள் அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறார். மகள் கோவையில் படிக்கிறாள்.

வலி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து. மட்டன் பிரியாணியை நான் இரண்டாம் முறை வாங்கியதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். சாயந்தரம் வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி, முதுகைத் துளைத்துக்கொண்டு தோள்பட்டை வரைக்கும் ஏறியது. வாயு என்று நானே முடிவு செய்து ஓமத் தண்ணீர் குடித்தேன். மறுநாள் காலையில் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அருள் என்னை எதுவும் கேட்கவில்லை. ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு, "ஏறு" என்றார்.

வானகரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற அந்த மருத்துவமனைக்கும் எங்கள் கல்லூரிக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. கல்லூரி ஊழியர் என்றால் டோக்கன் இல்லாமல் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கலாம். கவுன்டரில் இருந்த பெண் என் போன் நம்பரைக் கேட்டாள். தட்டினாள். திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"பழைய பேஷண்ட்தான் மேடம் நீங்க. மூணு வருஷம் முன்னாடி காய்ச்சல்னு வந்து ஒரு நாள் அட்மிட் ஆகியிருக்கீங்க."

நான் அந்த மருத்துவமனையில் ஒரு நாளும் படுத்ததில்லை. ஆனாலும் "ஆமாம்மா" என்றேன். அருள் திரும்பி என்னைப் பார்த்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலோடு படுத்தவள் என் தங்கை ஜெசிந்தா. திண்டிவனத்திலிருந்து ஒரு கல்யாணத்துக்காக வந்திருந்தாள், வந்த இடத்தில் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சல். அந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் பார்த்த கூட்டத்துக்கு டோக்கன் வாங்கினால் மறுநாள் ஆகிவிடும். "என் பேர்லயே காட்டிடலாம். நீ ரெஜினான்னு சொல்லு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றேன். அவளுக்கும் எனக்கும் ஐந்து வயசு வித்தியாசம், ஒரே மூக்கு. யாரும் கேட்கவில்லை. இது தப்பு என்று அன்றைக்குச் சொன்ன ஒரே ஆள் அருள்தான். "எங்க கம்பெனில ஒரு பீஸ்ல தப்பு நம்பர் ஒட்டிட்டா, அது கடைசி வரைக்கும் தப்பாவே ஓடும் ரெஜி" என்றார். என் தங்கச்சி உங்களுக்கு பீஸா என்று சண்டை போட்டேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். என்னை ஒரு தடவையும் திரையைப் பத்துத் தடவையும் பார்த்தார். இவருக்கு வைத்தியம் எனக்கா கம்ப்யூட்டருக்கா என்று எனக்கு உள்ளே புகைந்தது. திடீரென்று முகத்தைச் சுருக்கினார்.

"மூணு வருஷத்துல இருபத்திரண்டு கிலோ ஏறியிருக்கீங்களே மேடம்? கவனிக்கலையா?"

அருள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள் குலுங்கியது. ஜெசிந்தா ஐம்பத்துநாலு கிலோ. நான் எழுபத்தாறு, கல்யாணமான பத்தாம் வருஷத்திலிருந்தே எழுபத்தாறு. "வேலை ஜாஸ்தி டாக்டர்" என்று எதையோ உளறினேன். அவர் அக்கறையோடு தைராய்டு பரிசோதனை ஒன்றையும் சேர்த்து எழுதினார்.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி அந்தக் கருவியை வைத்ததுமே அந்தப் பெண் "ம்" என்றாள். அந்த "ம்" போதாதா? பெயர் தெரியாத வியாதி எல்லாம் எனக்கு வந்துவிட்டது. கடைசியில் வந்தது கல். ஈரல் சுரக்கிற பித்தநீரைச் சேர்த்து வைக்கிற சின்னப் பைதான் பித்தப்பை. நாம் கொழுப்பாகச் சாப்பிட்டால் அது சுருங்கி நீரைக் குடலுக்கு அனுப்பும். என் பையில் கல் சேர்ந்து, அதில் ஒன்று வாசலை அடைத்துக்கொண்டு, உள்ளே சீழ் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு நாள் மருந்து ஏற்றிக் காய்ச்சலை இறக்கிவிட்டு, வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டுக் கேமரா வழியாகப் பையையே எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு பித்தநீர் ஈரலிலிருந்து நேராகவே குடலுக்குப் போய்க்கொள்ளுமாம். கேட்டதும் எனக்குப் பாதி நோய் போயிற்று.

மூன்றாம் மாடியில் பெண்கள் வார்டு. அங்கேதான் நர்ஸ் பிரிசில்லா வந்தாள். ஆவடிப் பெண், இருபத்துமூன்று இருபத்துநாலு வயசு இருக்கும். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை, அடுத்த மாதம் ஆகிவிடும் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். சக்கரம் வைத்த கம்ப்யூட்டரைத் தள்ளிக்கொண்டு வருவாள். ஒவ்வொரு மாத்திரைக்கும் பெயர், பிறந்த தேதி கேட்பாள், கையில் கட்டிய பட்டையை ஸ்கேன் பண்ணுவாள், அது பச்சை காட்டினால்தான் மாத்திரை வாய்க்கு வரும்.

பக்கத்துக் கட்டில் குமுதா அக்காவுக்கு இது பெரிய வேடிக்கை. கரையான்சாவடி ரோட்டில் இட்லிக் கடை வைத்திருப்பவர், குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தவர்.

"ஏம்மே, காத்தால சொன்ன பேரு மத்தியானத்துல மாறிப்பூடுமா? நானு இன்னா சினிமாக்காரியா?"

"உங்க பேரு மாறாதுக்கா. நான் மாத்திடக் கூடாதுல்ல, அதுக்குத்தான்" என்பாள் பிரிசில்லா.

எனக்கு வெள்ளைப் பட்டையோடு சிவப்புப் பட்டை ஒன்றையும் எடுத்தாள். "உங்களுக்கு ஒரு ஆன்டிபயாட்டிக் ஊசி ஒத்துக்காதுன்னு ரெக்கார்ட்ல இருக்குக்கா. போன தடவை போட்டப்போ உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு இழுத்திருக்கு. சரிதானே?"

எனக்கு எந்த ஊசியும் எதுவும் செய்ததில்லை. தடித்தது ஜெசிந்தாவுக்கு. இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்று கேட்பாள். ஊசி போடாமல் விட்டால் நஷ்டம் என்ன என்று ஒரு கணக்குப் போட்டு, "சரிதான்" என்றேன். சிவப்புப் பட்டை மாட்டிக்கொண்டேன். அதன் பலன், வேறு ஏதோ மருந்து ஏற்றினார்கள், இரண்டு நாளும் குமட்டிக்கொண்டே இருந்தது. வேண்டும் எனக்கு.

மற்றபடி அந்த இரண்டு நாள் மோசமில்லை. அருள் லீவு போட்டுவிட்டு, அவருக்குத் தெரிந்த ஒரே சமையலான கஞ்சியை டிபன் பாக்ஸில் கொண்டுவந்தார். டாக்டர் எனக்கு எதுவும் தரக் கூடாது என்றதும் அந்தக் கஞ்சியைத் தினமும் குமுதா அக்கா குடித்தார். "உன் ஊட்டுக்காரு கையி நல்ல கையி டீச்சரம்மா" என்று பாராட்டு வேறு.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயந்தரம் பிரிசில்லா எங்கள் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தாள். எனக்கு ரத்தம் கொஞ்சம் குறைவாக இருந்ததால், தேவைப்பட்டால் ஏற்றுவதற்கு ஒரு பை தயாராக வைக்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். முதலில் எனக்கு, பிறகு குமுதா அக்காவுக்கு. நடுவில் குமுதா அக்காவின் டிரிப்ஸ் மெஷின் கத்தியது, அதை நிறுத்தப் போய்விட்டு வந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் காலை. பச்சை அங்கி, தலையில் இரட்டைப் பின்னல். நாற்பத்தெட்டு வயசில் இரட்டைப் பின்னல் போட்டிருந்த என்னைப் பார்த்த அருளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தாலிச் செயினைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். ஸ்ட்ரெச்சரும் வந்தது. நான் செபம் சொல்லிக்கொண்டே ஏறப் போனபோது தலைமை நர்ஸ் வசந்தா மேடம் வந்து ஸ்ட்ரெச்சரைத் திருப்பி அனுப்பினார்.

"உங்க பிளட் குரூப் என்னன்னு தெரியுமா மேடம்?"

எனக்குத் தெரியும். பிரசவத்தின்போதே தெரியும். பி பாசிட்டிவ். ஆனால் அவர் ஏன் கேட்கிறார் என்று அதே நொடியில் புரிந்துவிட்டது. நாக்கு தானாகவே, "ஞாபகம் இல்லையே மேடம்" என்றது. இந்த இடத்தைத்தான் பார்க்க வந்தவர்களிடம் நான் விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நர்ஸ்கள் உட்காரும் மேஜை என் கட்டிலுக்குப் பத்தடி தூரம். அங்கே பிரிசில்லாவை நிற்க வைத்துக் கேட்டதெல்லாம் எனக்குக் கேட்டது.

"பழைய ரெக்கார்ட்ல அவங்களுக்கு ஏ பாசிட்டிவ். நேத்து நீ எடுத்ததுல பி பாசிட்டிவ். பக்கத்து பெட்டுக்கு நீ எடுத்தது ஏ பாசிட்டிவ். லேப் கம்ப்யூட்டரே நிறுத்திடுச்சு, ரத்தம் தர மாட்டேங்குது. இதுல இருந்து உனக்கு என்ன தெரியுது?"

"நான் பெட் பக்கத்துலயே நின்னு லேபிள் ஒட்டினேன் மேடம்."

"ரெண்டு டியூப்லயும்? நடுவுல வேற எங்கயும் போகல?"

பிரிசில்லா "டிரிப்ஸ் அலாரம் அடிச்சுது... அதை நிறுத்திட்டு வந்தேன்" என்றாள்.

வசந்தா மேடத்தைக் கெட்டவராக எழுத மாட்டேன். அவர் குரலில் இருந்தது பயம். ஒருவர் ரத்தத்தை இன்னொருவர் பெயரில் அனுப்பினால், தவறான வகை ரத்தம் உடம்பில் ஏறிவிடும், சில நேரம் உயிரே போய்விடும். அந்த வேலையில் மன்னிக்க முடியாத தப்பு அது. அதனால்தான் எடுத்தவள் இல்லாமல் வேறொரு நர்ஸ் வந்து எங்கள் இரண்டு பேருக்கும் திரும்ப ரத்தம் எடுத்தாள்.

"இன்னாமே, நேத்துதானே எடுத்துகினு போனீங்கோ? வித்துட்டீங்களா?" என்றார் குமுதா அக்கா. யாரும் சிரிக்கவில்லை.

மேஜைப் பக்கம் வசந்தா மேடம் தணிந்த குரலில் சொன்னார்: "இங்க பாரு பிரிசில்லா. ரிசல்ட் வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள நீயே, கவனக்குறைவா நடந்துபோச்சுன்னு எழுதிக் குடு. நான் மேல பேசறேன். அது வந்ததுக்கு அப்புறம் எழுதினா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த மாசம் உன் கன்ஃபர்மேஷன்."

நான் அருளைக் கையைப் பிடித்து இழுத்து, "ஒரு மணி நேரத்துல எனக்கு பி-ன்னு வந்துடும். அவ மேல தப்பு இல்லன்னு தானா தெரிஞ்சிடும், இல்லையா?" என்று கேட்டேன்.

"வந்துடும். அதுக்குள்ள அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்துடுவா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதற்கும் வழி வைக்கவில்லை மனிதர்.

எனக்கு என்ன பயம் என்று கேட்பீர்கள். இந்த ஊழியர் சலுகை எல்லோருக்கும் பொது. ஒருத்தி தவறாகப் பயன்படுத்தினாள் என்று மருத்துவமனை கல்லூரிக்கு எழுதினால், எல்லோருக்குமே நிறுத்திவிடலாம். ஆய்வகத்தில் ஒரு கம்பி காணாமல் போனாலும் மாணவர்களை வரிசையாக நிற்க வைத்து நியாயம் பேசுகிறவள் நான். இருபத்தோரு வருஷமாகச் சேர்த்த பெயர்.

பிரஷர் பார்க்கப் பிரிசில்லா வந்தாள். என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். நான் எதுவும் கேட்காமலே பேசினாள்.

"மாத்திட்டேன் போலக்கா. இதுவரைக்கும் மாத்தினதே இல்ல. நேத்து எப்படி ஒட்டினேன்னு நினைச்சு நினைச்சுப் பாக்கறேன், என் கை ஒட்டறது தெரியுது. டியூப்ல என்ன பேரு இருந்துச்சுன்னு மட்டும் தெரியல." மூச்சை இழுத்துக்கொண்டாள். "உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா என்னக்கா பண்ணியிருப்பேன்?"

பிரஷரைக் குறித்துவிட்டு மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தாள். செய்யாத தப்பை அவள் செய்ததாகவே நம்பிவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரிசல்ட் வந்து அவள் வேலை மிஞ்சலாம். ஆனால் அந்தக் கையை அவள் மறுபடி நம்புவாளா?

"வசந்தா மேடம்!" என்று கூப்பிட்டேன். ஆய்வகத்தில் கடைசி மேஜைக்குக் கேட்க வைக்கிற குரல் அது, வார்டே திரும்பிப் பார்த்தது. "அந்தப் பொண்ணை எழுத வேணாம்னு சொல்லுங்க. பழைய ரெக்கார்ட் என்னுது இல்ல. அது என் தங்கச்சி. என் பேருல நான்தான் காட்டினேன். எனக்கு பி பாசிட்டிவ்தான், தெரிஞ்சேதான் ஞாபகம் இல்லன்னு சொன்னேன்."

இரட்டைப் பின்னலோடு கட்டிலில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். பிரிசில்லா பேனாவைக் கீழே வைக்கவில்லை, ஆனால் எழுதுவது நின்றது. முதலில் வாய் திறந்தது குமுதா அக்காதான்.

"அடிப்பாவி டீச்சரம்மா! உன்னால எனக்கு ரெண்டு தபா குத்து!"

டாக்டர் வந்தார். நான் எதிர்பார்த்த திட்டு வரவில்லை, அது வந்திருந்தால் தேவலை. நாற்காலியை இழுத்துப் போட்டு, சக்கரக் கம்ப்யூட்டரைப் பக்கத்தில் வைத்து, வரி வரியாகக் கேட்டார். இது யார்? தங்கை. இந்த எடை? தங்கை. இந்தக் காய்ச்சல், இந்த ரத்த வகை? தங்கை. "அப்ப தைராய்டு டெஸ்ட்?" "நான் எப்பவும் இதே வெயிட்தான் டாக்டர்." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வரியில் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"இந்த அலர்ஜி?"

"அதுவும் தங்கச்சிதான்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

நான் அருளைப் பார்த்தேன். உடனே போன் போடச் சொன்னார் டாக்டர். ஸ்பீக்கரில் ஜெசிந்தா வந்தாள்.

"ஊசியா? அன்னிக்கு உடம்பெல்லாம் தடிச்சுதே, அதுவா? அது காய்ச்சல்னால வந்துச்சுன்னுல்ல நினைச்சேன்."

"டாக்டர் உன்கிட்ட சொல்லியிருப்பாரேடி!"

"சொன்னாரு. ரெஜினா, ரெஜினான்னு ஏதோ சொன்னாரு. அந்தக் காய்ச்சல்ல யாரோ உன்னைக் கூப்பிடறாங்கன்னு இருந்துட்டேன்கா. சீட்டும் உன் பேர்லதானே குடுத்தாங்க, நீதான் பையில வச்சுக்கிட்ட."

அந்தச் சீட்டை நான் எப்போதோ கிழித்துப் போட்டிருப்பேன். எனக்கு ஊசி ஒத்துக்காது என்று எழுதிய சீட்டு எனக்கு எதற்கு? டாக்டர் போனை வாங்கி அந்த மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லி, அவளைத் திருப்பிச் சொல்ல வைத்தார். அடுத்த தடவை தடிப்போடு நிற்காது, மூச்சே அடைத்துவிடலாம் என்று விளக்கினார். மூன்று வருஷமாக என் தங்கை திண்டிவனத்தில் எந்த கிளினிக்கில் எந்த ஊசிக்குக் கையை நீட்டியிருந்தாலும், அவளைக் காப்பாற்ற வேண்டிய ஒரு வரி வானகரத்தில் என் பெயரில் பத்திரமாக இருந்தது. ஆபரேஷனுக்குப் பயப்படாத நான் அப்போது பயந்துவிட்டேன். அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வந்த நாளிலிருந்து நான் அந்தக் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். டாக்டர் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாரே என்று. ஆனால் யோசித்துப் பார்த்தால், பழைய காலத்துக் காகிதக் கோப்பாக இருந்திருந்தால் மூன்று வருஷத்துக்கு முந்தைய ரத்த வகையை யார் தேடி எடுத்து ஒப்பிட்டிருப்பார்கள்? அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. இரண்டு ரத்தம் ஒரு பெயரில் இருக்க முடியாது என்று சொல்லி ஊரையே நிறுத்தியது. நாங்கள் சொன்ன பொய்யையும் அதே அக்கறையோடு காப்பாற்றி வைத்திருந்தது, அதற்கு வேறு தெரியாதே.

இரண்டாம் முறை எடுத்த ரத்தமும் பி பாசிட்டிவ் என்று வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே போனேன், ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார்கள், மூன்று எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது அருள் என் தாலிச் செயினைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார். அது பத்திரமாக இருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன் என்று அவருக்குத் தெரியும். எடுத்து வைத்த ரத்தப் பை தேவைப்படவே இல்லை.

மறுநாள் ஜெசிந்தா இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தாள். மிளகு ரசம் கொண்டுவந்திருந்தாள். என் இரட்டைப் பின்னலை அவிழ்த்துச் சிக்கெடுத்து ஒற்றையாகப் பின்னிவிட்டாள். பிறகு நான் சொல்லாமலே கீழே போய், வரிசையில் நின்று, தன் பெயரில், தன் போன் நம்பரில் பதிவு செய்துகொண்டு, அந்த ஊசியின் பெயரையும் அதில் ஏற்றிவிட்டு வந்தாள். அவள் என்னைக் கேட்காமல் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். எனக்குக் கொஞ்சம் குத்தியது, ரொம்பப் பிடித்தும் இருந்தது.

அன்றைக்குச் சாயந்தரம் பிரிசில்லா என்னை நடக்க வைத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் மெதுவாகப் போனோம்.

"என் மேல கோவமாம்மா?"

"ஆமாக்கா" என்றாள் உடனே. "எல்லாரும் உங்களுக்கு தேங்க்ஸ் சொல்லச் சொல்றாங்க. எனக்கு வரல. சிவப்புப் பட்டை கட்டும்போதே உங்ககிட்ட கேட்டேன். சரிதான்னு சொன்னீங்க. நான் ஒவ்வொரு தடவையும் எதுக்கு கேக்கறேன்னு நினைச்சீங்க?"

"தப்புதாம்மா, மன்னிச்சுக்கோ" என்று மட்டும் சொன்னேன். "இன்னும் ஒரு ரவுண்டு போலாம், நேரா நில்லுங்க" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் கோபம் இல்லை, வேலை இருந்தது.

வீட்டுக்குப் போகிற நாள் வசந்தா மேடம் ஒரு தாளோடு வந்தார். இரண்டு பேர் கோப்பைப் பிரிக்க நோயாளி கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஒரு நகல் கல்லூரிக்கும் போகும். வார்டில் இருந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நாலு நாள் பழக்கத்தில் அவருக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது போல.

"பதிவு பண்ணும்போது கவனக்குறைவால் நேர்ந்த தவறுன்னு ஒரு வரி எழுதுங்க மேடம், போதும். காலேஜ்லயும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க."

அருள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேனாவை எடுத்தேன். முந்தாநாள் இதே வார்த்தையைத்தான் அந்தப் பெண்ணின் கையில் எழுத வைக்கப் பார்த்தோம். அவளுக்கும் அது பொருந்தவில்லை, எனக்கும் பொருந்தாது. நான் கவனமாகத்தான் செய்தேன். "கவனக்குறைவால் அல்ல. தெரிந்தே என் தங்கையை என் பெயரில் காட்டினேன். இந்த முறை கேட்டபோதெல்லாம் பொய் சொன்னேன்" என்று எழுதினேன். கையெழுத்துப் போடப் போனவள் நிறுத்தி இன்னொரு வரி சேர்த்தேன்: "செவிலியர் பிரிசில்லா எடுத்த ரத்தம் சரியானது. அவர் ஒட்டிய பெயரும் சரியானது."

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறேன். முதல் வேலையாக முதல்வர் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன சொல்வார்களோ, கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு வருத்தமில்லை, உடம்பும் நன்றாக இருக்கிறது.

வீட்டுக்குப் போன அன்றைக்கு அந்தத் தாளில் சாட்சிக் கையெழுத்துக்குப் பிரிசில்லாவைத்தான் கூப்பிடச் சொன்னேன். வந்து தாளை வாங்கினாள். அவள் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. மேலிருந்து நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நின்றாள். அதை மட்டும் இன்னொரு தடவை படித்தாள்.

"அக்கா, இதை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

போட்டோ எடுத்துக்கொண்ட பிறகு, தாளை என் மேஜை மேல் வைத்து, தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.